பவளத் தொட்டிக்கு எவ்வளவு வெளிச்சம், எத்தனை மணி நேரம்? வடசென்னை வீடுகளுக்கு மூன்று வழிகள்

கொளத்தூர் கலர் மீன் கடைகளில் கடல்நீர்த் தொட்டிக்கென்று விளக்கு கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் ஒரு கறுப்புப் பெட்டி. அதில் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று நீலத்துக்கு, ஒன்று வெள்ளைக்கு. எவ்வளவு திருப்புவது, எத்தனை மணி நேரம் எரியவிடுவது என்பதுதான் வீட்டுக்கு வந்ததும் எழும் கேள்வி. கடைக்காரர் ஒன்று சொல்வார். வெளிநாட்டு ஆர்வலர்களின் காணொளிகள் வேறொன்று சொல்லும். இரண்டு பேரும் பொய் சொல்வதில்லை. ஆனால் அவர்கள் மனத்தில் வைத்திருக்கும் தொட்டி வேறு, நம் வீட்டில் இருக்கும் தொட்டி வேறு.

நான் இங்கே எடுத்துக்கொள்வது இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி. சுமார் 125 லிட்டர் பிடிக்கும். உள்ளே லைவ் ராக் என்ற, நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பாறை, ஒரு ஜோடி கோமாளி மீன், சோவாந்தஸ், மஷ்ரூம், லெதர் போன்ற மென்பவளங்கள். தண்டையார்பேட்டையிலோ பெரம்பூரிலோ வில்லிவாக்கத்திலோ ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கூடத்தில் வைக்கக்கூடிய அளவு இதுதான்.

முதலில் அளவுகோல். விளக்கின் வாட் எண்ணையோ கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தையோ வைத்துப் பவளத்துக்குக் கிடைக்கும் ஒளியைச் சொல்ல முடியாது. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பதே கணக்கு. ஆர்வலர்கள் இதைப் ‘பார்’ (PAR) என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். மேகமில்லாத நண்பகலில் கடல் மட்டத்தில் வெயில் ஏறக்குறைய 2000 பார் காட்டும். நம் தொட்டிக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை.

பார் எண்ணை நேரத்தோடு பெருக்கினால் ஒரு நாளின் மொத்த ஒளி கிடைக்கும். இதை வைத்து மூன்று வழிகளை ஒரே தட்டில் நிறுத்திவிடலாம். 180 பார், 6 மணி நேரம். 120 பார், 9 மணி நேரம். 90 பார், 12 மணி நேரம். மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். ஒரே விடைதான், ஒரு நாளைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 3.9 மோல். மின்சாரக் கணக்கும் ஏறத்தாழ ஒன்றே. 120 பாருக்கு விளக்கு 60 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 9 மணி நேரத்துக்கு 0.54 யூனிட் ஆகும். மின்வாரியத்தின் இரண்டு மாதக் கணக்கில் 32 யூனிட் அளவுக்கு வரும். வெளிச்சத்தைக் கூட்டி நேரத்தைக் குறைத்தாலும், குறைத்து நீட்டினாலும் இந்த எண் பெரிதாக நகராது. ஆகவே கரண்ட் பில்லை வைத்து இதை முடிவு செய்ய வேண்டாம்.

மொத்தம் ஒன்றாக இருந்தும் பவளத்துக்கு இந்த மூன்றும் ஒன்றல்ல. பவளத்தின் திசுவுக்குள் சூசாந்தெல்லே என்ற நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளியை உணவாக்கிப் பவளத்துக்குப் பெரும்பங்கைக் கொடுக்கின்றன. ஆனால் ஒரு எல்லை வரைதான். அந்த எல்லைக்கு மேல் விழும் ஒளி உணவாக மாறுவதில்லை. மாறாக, பாசியின் செல்லுக்குள் தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. அது தாங்க முடியாத அளவுக்குப் போனால் பவளம் தன் பாசியையே வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். அந்த எல்லை எங்கே என்பது பவளத்தின் வகையையும் அது பழகியிருக்கும் ஒளியையும் பொறுத்தது. தண்ணீர் சூடானால் அந்த எல்லை கீழே இறங்கும். வடசென்னையில் தொட்டி வைப்பவருக்கு இதைவிட முக்கியமான செய்தி இல்லை. பிப்ரவரியில் 150 பாரைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்ட அதே லெதர், மே மாதம் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது அதே 150 பாரில் சுருங்கிப்போகலாம்.

நம் நாட்டுச் சட்டத்தையும் இந்த இடத்தில் பேசியாக வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும் 2001இல் சேர்க்கப்பட்டன. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் அதில் உண்டு. மன்னார் வளைகுடாவிலிருந்து யாரோ கொண்டுவந்தது என்று ஒரு கல்பவளத் துண்டு கைக்கு வந்தால், அதை வாங்குவது புலித்தோல் வாங்குவதற்குச் சமமான குற்றம். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த வளைகுடாவின் பவளங்கள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறி வெளுத்துத் துன்பப்பட்டவை. மிச்சம் இருப்பதை நம் கூடத்துக்குப் பெயர்த்துவர நமக்கு உரிமையில்லை.

விளக்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு? காணொளிகளில் 250, 300, 350 பார் என்று சொல்லப்படுவதெல்லாம் பெரும்பாலும் கிளை கிளையாக வளரும், சிறிய பாலிப்கள் (பவளத்தின் தனித்தனி உயிரிகள்) கொண்ட கல்பவளங்களுக்கான எண்கள். அவை நம் தொட்டியில் இருக்கப்போவதில்லை. மஷ்ரூமுக்கு 50 முதல் 80 பார் தாராளம். சோவாந்தஸும் பெரும்பாலான லெதர் வகைகளும் 80 முதல் 150க்குள் நன்றாக வாழும். ஆகவே நாம் தேட வேண்டியது உச்சபட்ச வெளிச்சத்தை அல்ல.

இப்போது மூன்று வழிகளையும் பார்க்கலாம்.

அதிக வெளிச்சம், குறைந்த நேரம் என்ற முதல் வழிக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது, பாசி பிடிப்பது குறையும் என்பது. கண்ணாடியில் படியும் பச்சைப் படலம் ஓரளவு குறையலாம், உண்மைதான். ஆனால் பாசியின் வேர் தண்ணீரில் மிஞ்சும் நைட்ரேட்டிலும் பாஸ்பேட்டிலும் இருக்கிறது. மீனுக்கு அளவாகத் தீனி போட்டு, ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் கலந்து வாராவாரம் கொஞ்சம் மாற்றினால் கிடைக்கும் பயனில் பாதிகூட இந்த வழியில் கிடைக்காது. மறுபக்கம், 180 பார் என்பது பாறையின் நடுப்பகுதியில் என்றால், விளக்குக்கு நேர் கீழே உச்சியில் 250ஐத் தாண்டியிருக்கும். நம் மென்பவளங்களுக்கு அது எல்லைக்கு அப்பாற்பட்ட ஒளி. விளக்கும் சூடாக ஓடும். சில்லர் என்ற நீர்குளிர்விக்கும் கருவியை வைத்து ஆண்டு முழுவதும் 26 டிகிரியில் தண்ணீரைப் பிடித்துவைப்பவருக்கு, ஆழமான தொட்டி வைத்திருப்பவருக்கு இந்த வழி பொருந்தலாம். மற்றவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது வழியான 90 பார், 12 மணி நேரம் என்பதை ஆதரிப்பவர்கள் கடலையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். சென்னையில் பகல் பொழுது டிசம்பரில் பதினொன்றே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல், ஜூனில் ஏறத்தாழ பதின்மூன்று. ஆகவே பன்னிரண்டு மணி நேரம்தானே இயற்கை என்கிறார்கள். ஆனால் கடலில் சூரியன் காலை ஆறரைக்கே உச்சிக்கு வந்துவிடுவதில்லை. சாய்வான வெயில் நீரின் மேல் பட்டுத் தெறித்துப்போகும். ஆழத்துக்குப் போகும் வலுவான வெளிச்சம் நடுப்பகலின் சில மணி நேரமே. விளக்கு அப்படியில்லை, போட்ட கணமே முழு அளவில் எரியும். எனவே பன்னிரண்டு மணி நேரம் ஒரே அளவில் எரிப்பது கடலைப் பின்பற்றுவது ஆகாது. பவளத்துக்கு இதனால் ஆபத்து குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மஷ்ரூம் மட்டும் வைத்திருப்பவர் இன்னும் கீழே, 50 பார் அளவில், இப்படியே ஓட்டலாம். சோவாந்தஸும் லெதரும் கலந்த தொட்டியில் கண்ணாடியைத் தேய்க்கும் வேலை கூடும், பாறையின் இடுக்குகளில் முடிப்பாசி தலைகாட்டும். மீன்களுக்கும் இருட்டும் ஓய்வும் வேண்டும்.

நடுப்பகலில் இரண்டு மணி நேரம் விளக்கை அணைத்துவிட்டு மறுபடி போடும் பழக்கமும் சிலரிடம் உண்டு. கடலில் அப்படி ஒரு நண்பகல் இருட்டு இல்லை. பவளத்துக்கு அதனால் நன்மை எதுவும் நான் பார்க்கவில்லை.

என் தேர்வு இரண்டாவது வழி, ஆனால் மேலே சொன்ன 120 பார், 9 மணி நேரம் என்பதை அப்படியே ஒரே அளவில் எரிக்காமல் இரண்டு படிகளாக்கிக்கொள்வது. இதற்கு விலை உயர்ந்த விளக்கு தேவையில்லை. கறுப்புப் பெட்டி விளக்குகளில் நீலத்துக்கு ஒரு மின்கம்பியும் வெள்ளைக்கு ஒரு மின்கம்பியுமாகத் தனித்தனியே வரும் மாதிரிகள் கிடைக்கின்றன. இரண்டு டைமர் வாங்கி மாட்டினால் போதும். நீலம் மட்டும் பகல் 1 மணி முதல் இரவு 10 வரை. அதோடு வெள்ளை 3 முதல் 8 வரை. நீலம் தனியே 90 பார், இரண்டும் சேர்ந்து 120 பார் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு மொத்தம் 3.5 மோல் அளவுக்கு வருகிறது. முன்பு சொன்ன 3.9ஐவிடச் சற்றுக் குறைவு. நம் ஊர்ச் சூட்டுக்கு அந்தக் குறைவு நல்லதே. நீலத்துக்கு முதலிடம் கொடுப்பதற்குக் காரணமும் உண்டு. நீருக்கடியில் சிவப்பு சீக்கிரமே உறிஞ்சப்பட்டுவிடும். ஆழத்தில் வாழும் பவளத்தின் பாசி 450 நானோமீட்டரைச் சுற்றியுள்ள நீலத்தை நன்றாகப் பயன்படுத்தப் பழகியது. வெள்ளையைக் கூட்டினால் நம் கண்ணுக்குத்தான் தொட்டி பளிச்சென்று தெரியும்.

மேலே சொன்ன ஒன்று முதல் பத்து என்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடலை ஒட்டிய வீடுகளில் கோடையில் நண்பகல் வாக்கில் கடற்காற்று நுழைந்துவிடும். அறை அதன்பின் மெல்லத் தணியும். அங்கே மாலையில் உச்ச வெளிச்சம் வைப்பது சரி. கொளத்தூரிலும் பெரம்பூரிலும் காற்று சற்றுத் தாமதமாக வந்து சேரும்; கீழ்த்தளம் என்றால் அங்கும் மாலையே நல்லது. ஆனால் மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்கள் கவனிக்க வேண்டும். பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் அந்தச் சூட்டை மாலை ஆறு மணிக்கு மேல்தான் அறைக்குள் இறக்குகிறது. அந்த வீட்டில் தண்ணீர் அதிகபட்சமாகச் சூடாவது விளக்கு போட்டு உட்கார்ந்து ரசிக்கும் அதே நேரத்தில். அவர்கள் விளக்கு எரியும் நேரத்தைக் காலை 8 முதல் மாலை 5 வரை என்று வைத்துக்கொண்டு, வெள்ளையை 10 முதல் 3 வரை போடலாம். மாலையில் பார்க்க ஆசையென்றால் நீலத்தை மிகத் தாழ்வாக, நான்கைந்து பார் அளவில், ஒன்பது மணி வரை விடலாம். மொத்தக் கணக்கில் அது ஒரு பொருட்டே அல்ல. எது உங்கள் வீடு என்று ஊகிக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் தண்ணீரில் தெர்மாமீட்டரை வைத்து இரண்டு மணிக்கொருமுறை குறித்துக்கொண்டால் சூடான நேரம் தானே தெரிந்துவிடும். வெள்ளையை அந்த நேரத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

பார் அளப்பதற்கென்று மீட்டர் உண்டு. நீருக்குள் வைத்து அளக்க அப்போஜீ நிறுவனத்தின் எம்.கியூ.510 போன்ற கருவி நம்பகமானது. ஆனால் விலை ஒரு விளக்கின் விலையைவிட அதிகம். நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுழற்சியில் பயன்படுத்துவதுதான் விவேகம், ஏனென்றால் ஒரு தொட்டிக்கு அது ஆண்டில் ஓரிரு முறைதான் தேவை. கைபேசியில் இருக்கும் லக்ஸ் செயலியை நம்ப வேண்டாம். லக்ஸ் என்பது மனிதக் கண் உணரும் பிரகாசத்தின் அளவு. நம் கண் பச்சையை அதிகமாகவும் நீலத்தை மிகக் குறைவாகவும் உணரும். வெயிலில் 54 லக்ஸுக்கு ஒரு பார் என்று வகுத்துக்கொள்ளலாம். நீலம் மிகுந்த விளக்கில் அதே வகுத்தல் உண்மையான ஒளியைவிடப் பல மடங்கு குறைவாகக் காட்டும். அதை நம்பித் திருகைக் கூட்டினால் பவளம்தான் வேகும்.

மீட்டர் கைக்கு வந்தால் ஒரே இடத்தில் அளந்து முடித்துவிடாதீர்கள். பாறையின் உச்சி, நடு, மணல்பரப்பு, நான்கு மூலைகள் என்று சென்சாரை நகர்த்திக்கொண்டே போனால், நடுவில் 140 காட்டும் தொட்டியின் மூலையில் பாதிக்கும் கீழே விழுந்திருப்பதைப் பார்க்கலாம். அது குறையல்ல. மஷ்ரூமை மூலைக்கும், லெதரைப் பாறையின் தோளுக்கும் அனுப்ப அந்த எண்களே வழிகாட்டும். திருகைத் தொடுவதற்கு முன் பவளத்தின் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

மீட்டர் இல்லாவிட்டாலும் பவளமே சொல்லும். சோவாந்தஸ் கூட்டத்தைப் பக்கவாட்டிலிருந்து கவனியுங்கள். நல்ல வெளிச்சத்தில் அதன் காம்புகள் குட்டையாக, வட்டத் தலைகள் ஒன்றோடொன்று தோள் உரசிப் பாய் விரித்ததுபோல் இருக்கும். வெளிச்சம் போதவில்லை என்றால் காம்பு நீண்டு ஒவ்வொரு தலையும் மேல்நோக்கி எட்டிப்பார்க்கும், நிறமும் மெல்லப் பழுப்பாகும். அதிகமானால் நடுப்பகலிலும் தலைகள் மூடியே கிடக்கும். மஷ்ரூம் விளிம்பை உள்ளே சுருட்டிக்கொள்ளும், நிறம் வெளிறும். லெதர் மட்டும் சில நாள் மெழுகு பூசியதுபோல் மூடிக்கிடந்து மேல்தோலை உரித்துவிட்டு மறுபடி விரியும். அது அதன் இயல்பு. அதைப் பார்த்துப் பதறி விளக்கை மாற்ற வேண்டாம்.

புதிதாக வாங்கிவந்த பவளத்தை மணலில் வைத்து, விளக்கைப் பாதி அளவில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து சதவீதம் என்று ஏற்றுங்கள். அவசரம் வேண்டாம். குறைந்த வெளிச்சத்தில் வாடிய பவளத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டி மீட்டுவிடலாம். வெளுத்த பவளம் மீள மாதங்கள் ஆகும், மீளாமலும் போகும். நேரத்தையும் அளவையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று தெரியாமல் போகும்.

இதே இடத்தில் பலர் கவனிக்காத ஒன்று உப்பு. விளக்கின் கீழ்முகத்திலும் தொட்டியின் மேல்மூடியிலும் தெறிக்கும் கடல்நீர் காய்ந்து வெள்ளைப் படலமாகப் படிகிறது. சில வாரங்களில் அது ஒளியில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ஈரத்துணியால் துடைத்துச் சுத்தமாக்கினால், திருகைத் தொடாமலே பவளத்தின் மேல் விழும் ஒளி சட்டென்று ஏறிவிடும். வாராவாரம் துடைத்தால் இந்த ஏற்ற இறக்கமே இருக்காது. பல வாரம் விட்டுப்போயிருந்தால், துடைப்பதற்கு முன் திருகைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் பின்னர் மெல்ல ஏற்றுங்கள். கண்ணாடி மூடிக்குப் பதிலாக வலை போடுவது இன்னும் மேல். மீன் வெளியே குதிக்காது, தண்ணீர் ஆவியாகிக் குளிரவும் வழி கிடைக்கும்.

டைமர் வாங்கும்போது உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரைக் கேளுங்கள். பல் சக்கரம் சுற்றும் மலிவு டைமர் கரண்ட் போனால் நின்றுவிடும். இரண்டு மணி நேர மின்தடைக்குப் பின் பவளத்தின் நாளே இரண்டு மணி நேரம் தள்ளிப்போயிருக்கும். திருகுக்குப் பதில் செயலியில் இயங்கும் விளக்கு என்றால், பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகி, எந்த அளவில் எரியத் தொடங்குகிறது என்று வாங்கிய அன்றே பார்த்துவையுங்கள்.

கடைசியாகக் கோடை. ஏப்ரல் தொடக்கத்திலிருந்தே வாரத்துக்குச் சிறிதாக இறக்கி, அக்னி நட்சத்திரம் தொடங்கும்போது 120 பார் 85 அளவுக்கு வந்துவிட வேண்டும். நேரத்தைக் குறைக்க வேண்டாம். சூடான நீரில் தீங்கு செய்வது உச்ச வெளிச்சம்தான். மின்விசிறியை நீரின் மேற்பரப்பை நோக்கி வைத்தால் ஆவியாதலால் ஓரிரண்டு டிகிரி குறையும். கடலோரப் புழுக்கத்தில் அதன் பலன் குறைவு என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஆவியாகும் நீருக்கு ஈடாக உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை அன்றாடம் ஊற்றுங்கள். ஜூலையில் தண்ணீர் 29 டிகிரிக்குக் கீழே நிலையாக நிற்கத் தொடங்கியதும் மறுபடி ஐந்து ஐந்து சதவீதமாக ஏற்றலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்குள் பழைய 120க்கு வந்திருக்கும். சில்லர் உள்ளவருக்கு இந்தக் கோடை இறக்கம் தேவையில்லை, ஆனால் மே மாத இரவில் மின்தடை நீண்டு சில்லர் நின்றுபோயிருந்தால் மறுநாள் வெள்ளை டைமரைப் போடாமல் நீலத்தில் மட்டும் விட்டுவிடுங்கள்.